முதலில் தண்ணீரின் டிடிஎஸ் எவ்வளவு என்று சொல்லுங்கள்

பூச்சியுண்ணும் செடிகள் பற்றி இந்த முறை வந்த கடிதங்களில் பாதி, "செடி வாடுகிறது, என்ன செய்ய?" என்ற ஒற்றை வரிதான். என்ன தண்ணீர், என்ன மண், வெயில் எவ்வளவு நேரம் என்று ஒரு வார்த்தை கிடையாது. போன முறையும் கேட்டுக்கொண்டேன், இப்போதும் கேட்கிறேன். இந்த மூன்றும் இல்லாமல் எழுதினால் என்னால் ஜோசியம்தான் சொல்ல முடியும்.

கேள்வி: வீனஸ் ஃப்ளைட்ராப் வாங்கி மூன்று வாரம் ஆகிறது. செம்மண்ணும் மண்புழு உரமும் கலந்து பெரிய தொட்டிக்கு மாற்றினேன். தினமும் போர் தண்ணீர் ஊற்றுகிறேன். பொறிகள் ஒவ்வொன்றாகக் கறுக்கின்றன. எங்கே தவறு? (தாம்பரம்)

எல்லா இடத்திலும். ரோஜாவுக்குச் செய்யும் உபசாரம் அத்தனையையும் இதற்குச் செய்திருக்கிறீர்கள். மண்ணில் சத்தே இல்லாத சதுப்பு நிலத்தில் பிறந்த செடி இது. வேரில் கிடைக்காததை இலையில் பிடித்துக்கொள்ளத்தான் அந்தப் பொறிகளே. வேரில் உரமும் உப்பும் பட்டால் கருகிவிடும்.

இன்றைக்கே தொட்டியிலிருந்து எடுத்து, வேரை ஆர்ஓ தண்ணீரில் அலசுங்கள். பீட் மாஸும் (சதுப்பு நிலத்தில் மட்கிய பாசித்தூள்) பெர்லைட்டும் (பொரித்த வெள்ளை எரிமலைக்கல் துணுக்கு) சரிபாதி கலந்து நாலைந்து அங்குல பிளாஸ்டிக் தொட்டியில் வையுங்கள். மண்தொட்டி, சிமென்ட் தொட்டி வேண்டாம், அவற்றிலிருந்தும் உப்பு இறங்கும். அடியில் ஒரு தட்டு, தட்டில் விரல் நுனி நனையும் அளவு தண்ணீர்.

அந்தத் தண்ணீரின் டிடிஎஸ், அதாவது ஒரு லிட்டரில் எத்தனை மில்லிகிராம் உப்பு கரைந்திருக்கிறது என்ற கணக்கு, 50க்குக் கீழே இருக்க வேண்டும். 100 வரை செடி பொறுத்துக்கொள்ளும். சென்னைப் புறநகர் போர் தண்ணீரில் மீட்டரை விட்டால் 800, 1000 என்று காட்டுவது சர்வசாதாரணம். "எங்கள் வீட்டில் ஆர்ஓ இருக்கிறதே" என்பவர்களுக்கு: சுவைக்காகக் கொஞ்சம் பழைய தண்ணீரையே திரும்பக் கலந்துவிடும் அமைப்பு பல ஆர்ஓ இயந்திரங்களில் உண்டு. அதில் 150 வந்தாலும் ஆச்சரியமில்லை. இருநூறு முந்நூறு ரூபாய்க்கு மீட்டர் கிடைக்கிறது, வாங்கி அளந்து பாருங்கள். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீர் என் வீட்டில் 15தான் காட்டுகிறது. ஏசி சுத்தமாக இருந்தால் அதையே பிடித்து ஊற்றலாம். ஐப்பசி, கார்த்திகை மழையை டிரம்மில் பிடித்துவைத்தால் இன்னும் நல்லது. டிரம்மை மூடிவையுங்கள்.

நடுக்குருத்து பச்சையாக, கெட்டியாக இருக்கிறதா? இருந்தால் பிழைத்துக்கொள்ளும். பழைய பொறிகள் கறுத்து விழுவது இயல்பு. புதுசு வருகிறதா என்று மட்டும் பாருங்கள்.

கேள்வி: கோழிக்கறி, முட்டை வெள்ளைக்கரு, தயிர்சாதம் இதில் எதைக் கொடுக்கலாம்? (விருதுநகர்)

எதையும் கொடுக்காதீர்கள். தயிர்சாதம் எப்படி இந்தப் பட்டியலில் வந்தது என்று மட்டும் தெரிந்துகொள்ள ஆசை.

கேள்வி: பஞ்சகவ்யம் இயற்கையானதுதானே, தெளிக்கலாமா? (தஞ்சாவூர்)

இயற்கையானதுதான். கூடாது.

கேள்வி: வீட்டில் கொசுத்தொல்லை. எத்தனை ஃப்ளைட்ராப் வைத்தால் போதும்? (கும்பகோணம்)

கொசுவலை வாங்குங்கள். ஒரு பொறி ஒரு பூச்சியைச் செரிக்க ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். மூன்று நான்கு பூச்சி தின்றால் அந்தப் பொறியின் ஆயுளே முடிந்துவிடும். கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: டெங்கு சோதனைக்கு வந்த மாநகராட்சி ஊழியர், என் டிரோசெரா தட்டில் கொசுப்புழு இருப்பதாகச் சொல்லி எச்சரித்துவிட்டுப் போனார். பூச்சி தின்னும் செடியின் தட்டிலேயே புழு என்றால் நம்பவா முடியும்? (கோடம்பாக்கம்)

தாராளமாக நம்பலாம், அவர் சொன்னது சரி. டிரோசெரா பிடிப்பது இலையில் உள்ள பசையில் வந்து ஒட்டும் பூச்சியை. தட்டில் நீந்துவது அதற்கு எப்படித் தெரியும்? ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர ஏறக்குறைய ஒரு வாரம் பிடிக்கும். நாலு நாளைக்கு ஒருமுறை தட்டைக் கவிழ்த்துத் தேய்த்துக் கழுவிவிட்டுப் புதுத் தண்ணீர் விடுங்கள். முட்டை தட்டின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும், அதனால் தேய்ப்பது முக்கியம். எந்தத் தண்ணீர் என்று மறுபடி சொல்ல வேண்டுமா?

கேள்வி: என் நெப்பந்தஸில் குடுவையே வரவில்லை. ஏன்? (ஊர் பெயர் இல்லை)

ஊர் பெயர் மட்டுமா இல்லை? சரி, பொதுவாகச் சொல்கிறேன். வாங்கும்போது இருந்த குடுவைகள் காய்ந்ததும் திரும்பி வரும் என்று காத்திருந்தால் வராது. பூச்சி விழுந்து மாட்டும் அந்தக் குடுவை ஒவ்வொன்றும் ஓர் இலையின் நுனி. அது போனால் போனதுதான், அடுத்த இலையில்தான் அடுத்த குடுவை. புது இலை வர மூன்று நான்கு வாரம் ஆகும். அந்த இலையின் நுனிக்கொடியை உற்றுப் பாருங்கள். முனையில் கடுகளவு மொட்டு மாதிரி இருந்து பெரிதாகாமல் நின்றுவிட்டால் வெளிச்சம் போதவில்லை. முனை பழுப்பேறிக் காய்ந்திருந்தால் காற்றில் ஈரம் போதவில்லை. இலை மட்டும் கரும்பச்சையாகத் தளதளவென்று இருந்தால் யாரோ உரம் போட்டிருக்கிறார்கள். வீட்டில் விசாரியுங்கள்.

50 சதவீத நிழல்வலைக்குக் கீழே, காலை வெயில் படும்படி தொங்கவிடுங்கள். ஃப்ளைட்ராப் மாதிரி தட்டில் தண்ணீர் கட்டக் கூடாது, நெப்பந்தஸ் வேர் அழுகிவிடும். அப்புறம், இடத்தை மாற்றிக்கொண்டே இருக்காதீர்கள். குடுவைக்குள் இருக்கும் நீரையும் கீழே கொட்டாதீர்கள், செரிமான நீர் அதுதான்.

கேள்வி: ஆன்லைனில் ‘ரெயின்போ வீனஸ் ஃப்ளைட்ராப்’ 100 விதை 149 ரூபாய்க்கு வாங்கினேன். நீலம், ஊதா, மஞ்சள் எல்லாம் கலந்து வரும் என்று போட்டிருந்தது. ஒரு மாதமாக முளைக்கவில்லை. என்ன உரம் போடலாம்? (சேலம்)

உரமா? மேலே உள்ள பதில்களைப் படித்துவிட்டு வாருங்கள்.

நீல நிறத்தில் ஃப்ளைட்ராப் உலகத்தில் எங்கும் கிடையாது. பச்சை, சிவப்பு, இரண்டுக்கும் இடைப்பட்ட சாயல்கள், அவ்வளவுதான். நீங்கள் பார்த்த படம் கம்ப்யூட்டரில் சாயம் ஏற்றியது. இந்த விதை வியாபாரத்தைப் பற்றி எழுதி எழுதி எனக்குக் கை வலிக்கிறது, ஆனாலும் மாதம் நாலு பேராவது இதே கடிதம் போடுகிறார்கள்.

என் கோபத்துக்குக் காரணம் உண்டு. பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் நானும் ஏமாந்தவன்தான். ஒரு கவரில் சின்ன ஜிப் பாக்கெட், அதற்குள் எண்ணி இருபது கறுப்பு விதை. ஐஸ்கிரீம் டப்பாவில் பீட் மாஸ் நிரப்பி, விதைகளைப் பல்குத்தும் குச்சியால் ஒவ்வொன்றாக நகர்த்தி வரிசை வைத்து, ஆர்ஓ தண்ணீரைப் பனி மாதிரித் தெளித்தேன். காபி குடித்துவிட்டு வந்து பார்த்தால் ஒவ்வொரு விதையைச் சுற்றியும் சாம்பல் நிறத்தில் வழவழவென்று ஒரு கூழ் உறை. அபூர்வச் செடி, ஏதோ அபூர்வமாக நடக்கிறது என்று அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அம்மா கண்ணாடி கூடப் போடவில்லை. "சப்ஜா விதைடா இது. ரோஸ்மில்க்கில் போடுவதைக் கொண்டுபோய் மண்ணில் போட்டு வைத்திருக்கிறாயே" என்றார். ஒரு வாரத்தில் இருபதும் முளைத்தன. திருநீற்றுப்பச்சிலை. வாசனை பிரமாதம். விற்றவருக்கு எழுதிக் கேட்டேன். "உங்கள் ஊர் வெயிலுக்கு விதை முளைக்காது சார்" என்று பதில் வந்தது. முளைத்ததுதானே என் புகார்!

அசல் ஃப்ளைட்ராப் விதை எப்படி இருக்கும் என்று தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். ஒரு மில்லிமீட்டர் சொச்சம், பளபளவென்று கறுப்பாக, நீர்த்துளி வடிவில் இருக்கும். தண்ணீர் பட்டால் கூழாகாது. நெப்பந்தஸ் விதையோ நூல் துணுக்கு மாதிரி மெல்லிசாக நீண்டிருக்கும், பறித்த சில வாரங்களிலேயே முளைப்புத்திறன் போய்விடும். "நெப்பந்தஸ் விதை" என்று உருண்டையாக எதையாவது அனுப்பினால் அது வேறு ஏதோ. டிரோசெரா விதை தூசிதான், மூச்சு விட்டால் பறந்துவிடும்.

ஒரு வாதத்துக்கு, உங்களுக்கு வந்தது அசல் விதை என்றே வைத்துக்கொள்வோம். முளைத்து முழுச்செடியாக மூன்றிலிருந்து ஐந்து வருடம் ஆகும். முதல் வருடம் பொறி கடுகு அளவுக்குத்தான் இருக்கும். அதனால் மறுபடி சொல்கிறேன், விதை வாங்காதீர்கள். செடியாக வாங்குங்கள், கண்ணால் பார்த்து வாங்குங்கள்.

கேள்வி: பீட் மாஸ் விலை அதிகம். எங்கள் ஊரில் கோகோபீட் கொட்டிக்கிடக்கிறது. அதையே போடலாமா? (பொள்ளாச்சி)

தென்னை நார்த்தூளில் உப்பு உண்டு. ஐந்தாறு முறை நல்ல தண்ணீரில் ஊறவைத்துப் பிழியுங்கள், ஒவ்வொரு முறையும் பிழிந்த தண்ணீரில் மீட்டரை விடுங்கள். 50க்குக் கீழே இறங்கினால் போடலாம். நெப்பந்தஸுக்கு ஒத்துக்கொள்ளும். ஃப்ளைட்ராப்புக்கு நான் போட மாட்டேன். பீட் மாஸ் கேட்டால் கோகோபீட் கட்டியை எடுத்து நீட்டும் கடைகளும் உண்டு, இரண்டும் ஒன்றல்ல.

கேள்வி: ஃப்ளைட்ராப் ஒரு வருடம் நன்றாக இருந்தது. தண்ணீர் டிடிஎஸ் 20. பீட் மாஸ், பெர்லைட், ஆறு மணி நேர வெயில். இப்போது இலைகள் சிறுத்துக்கொண்டே போகின்றன. (மதுரை)

கடிதம் என்றால் இப்படி இருக்க வேண்டும். உங்கள் மேல் தவறில்லை, மதுரையில் குளிர்காலம் இல்லை என்பதுதான் தவறு. இந்தச் செடியின் சொந்த ஊர் அமெரிக்காவில் வட, தென் கரோலினா மாநிலங்களின் கடலோரச் சமவெளி, வில்மிங்டன் நகரைச் சுற்றிய பகுதி. அங்கே பனிக்காலத்தில் உறைநிலைக்கே போகும். வருடத்தில் மூன்று மாதம் அது தூங்கியாக வேண்டும். தூக்கம் கெட்டால் ஒன்றிரண்டு வருடத்தில் நலிந்துவிடும்.

சமவெளியில் ஒரே வழி ஃப்ரிட்ஜ். டிசம்பர் தொடக்கத்தில் செடியை எடுத்து வேரைக் கழுவி, கறுத்த இலைகளை வெட்டிவிட்டு, ஈரம் பிழிந்த ஸ்பேக்னம் மாஸில் (சதுப்பு நிலப் பாசி) சுற்றி ஜிப் கவரில் போட்டுக் கீழ்த்தட்டில் வையுங்கள். ஃப்ரீசரில் அல்ல. வாரம் ஒருமுறை பூஞ்சணம் இருக்கிறதா என்று பாருங்கள். பிப்ரவரி கடைசியில் வெளியே எடுத்து நடலாம். வசந்தத்தில் பூத்தண்டு கிளம்பினால் இரண்டு அங்குலத்திலேயே கிள்ளிவிடுங்கள், நலிந்த செடிக்குப் பூ பெரிய செலவு. கவரில் பெயர் எழுதுங்கள். என் வீட்டில் ஒரு வருடம் அது கீரைக்கட்டோடு சேர்ந்து அலசப்பட்டுவிட்டது.

ஊட்டி, கொடைக்கானல்காரர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை, வெளியிலேயே வைக்கலாம். மற்றவர்களுக்கு என் யோசனை: ஃப்ளைட்ராப்பில் ஆரம்பிக்காதீர்கள். டிரோசெரா பர்மன்னி நம் மண்ணின் செடி, வெயில் தாங்கும். நெப்பந்தஸில் வெண்ட்ராட்டா என்ற கலப்பினம் நர்சரிகளில் எளிதாகக் கிடைக்கும், முரண்டு பிடிக்காது. மேகாலயாவின் நெப்பந்தஸ் காசியானா மட்டும் வேண்டாம். கரோ மக்கள் ‘பேயின் கூடை’ என்று பெயர் வைத்திருக்கும் அழகான செடிதான், ஆனால் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்ட அட்டவணையில் உள்ளது.

கேள்வி: கொடைக்கானல் போனபோது சாலையோரப் புல்வெளியில் டிரோசெரா நிறைய இருந்தது. பத்துச் செடி கிளறிக் கொண்டுவந்தேன். இரண்டு வாரத்தில் எல்லாம் காய்ந்துவிட்டன. (திண்டுக்கல்)

காயாமல் என்ன செய்யும்? அது டிரோசெரா பெல்டேட்டா. மழைக்குத் தலைகாட்டி, வெயில் காலத்தில் மேலே காய்ந்து, மண்ணுக்குள் சின்னக் கிழங்காகப் படுத்திருக்கும். நீங்கள் கிளறியபோது தண்டு உங்கள் கையோடு வந்திருக்கும், கிழங்கு அறுந்து அங்கேயே நின்றிருக்கும். கிழங்கோடு வந்திருந்தாலும் திண்டுக்கல் வெயிலில் நிற்காது. பத்துச் செடி போனதுதான் மிச்சம். வட கரோலினாவில் காட்டு ஃப்ளைட்ராப்பைத் திருடினால் 2014இலிருந்து சிறைக்கு அனுப்பும் அளவுக்குப் பெருங்குற்றம். இங்கேயும் அந்த மாதிரிக் கடுமை வேண்டும் என்று சில கடிதங்களைப் படிக்கும்போது தோன்றும்.

கேள்வி: சிங்கராஜ வனத்தில் ‘பாண்டுரா’ எனப்படும் குடுவைச் செடியைப் பார்த்தோம். யாழ்ப்பாணத்தில் வளர்க்கலாமா? (யாழ்ப்பாணம்)

அது நெப்பந்தஸ் டிஸ்டிலடோரியா, இலங்கைக்கு மட்டுமே உரியது. ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் 1737இல் இந்தப் பேரினத்துக்கு நெப்பந்தஸ் என்று பெயர் வைத்தது அங்கிருந்து போன செடியை வைத்துத்தான். கிரேக்கக் காவியத்தில் துயரத்தை மறக்கடிக்கும் மருந்துக்கு அந்தப் பெயர். ஆனால் ஈரவலயத்தில் வளர்ந்த கொடிக்கு யாழ்ப்பாணத்து வறண்ட காற்று துயரமாகத்தான் இருக்கும். நிழலும் நீர்த்தெளிப்பும் உள்ள கூடாரம் போட முடியுமானால், நர்சரியில் வளர்த்த கன்றை வாங்கி முயன்று பாருங்கள். காட்டிலிருந்து வேண்டாம். கிணற்றுத் தண்ணீரும் வேண்டாம், யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல் நிலத்துத் தண்ணீர் இதற்கு விஷம்.

கேள்வி: நான் ஏழாம் வகுப்பு படிக்கிறேன். மழைத்துளி விழுந்தால் ஃப்ளைட்ராப் ஏன் மூடுவதில்லை? செடிக்கு மூளை இல்லையே? (திருநெல்வேலி)

நல்ல கேள்வி. பொறியின் ஒவ்வொரு பக்கத்திலும் உள்ளே பெரும்பாலும் மூன்று மெல்லிய முடிகள் இருக்கும், வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் தெரியும். ஒருமுறை முடி அசைந்தால் செடி பேசாமல் இருக்கும். சுமார் இருபது விநாடிக்குள் இரண்டாவது முறை அசைந்தால்தான் படாரென்று மூடும். தூசியோ மழைத்துளியோ பெரும்பாலும் ஒருமுறை பட்டுவிட்டுப் போய்விடும், பூச்சி என்றால் நடந்துகொண்டே இருக்கும். மூடிய பிறகும் உள்ளே துடிப்பு தொடர்ந்தால்தான் செரிமான நீர் சுரக்கும். இல்லாவிட்டால் ஒரு நாளில் திறந்துகொள்ளும். மூளை இல்லை, ஆனால் எண்ணத் தெரியும். பள்ளிக்கு எடுத்துப் போனால் ஒரே ஒரு பொறியை, ஒரே ஒருமுறை, நீ மட்டும் குச்சியால் தொட்டுக் காட்டு. வகுப்பில் நாற்பது பேரும் விரலை விட்டால் செடி வீடு திரும்பாது.

கேள்வி: டிரோசெரா பர்மன்னி அழகாகப் பூத்தது, பிறகு மொத்தமாகக் கறுத்துச் செத்துவிட்டது. தண்ணீர் டிடிஎஸ் 30தான். தொட்டியைத் தூக்கிப் போட்டுவிடலாமா? (நாகர்கோவில்)

போடாதீர்கள்! அது ஒருபருவச் செடி, பூத்துக் காய்த்தால் அதன் வேலை முடிந்தது. விதை ஏற்கெனவே தொட்டியில் கொட்டியிருக்கும், கண்ணுக்குத் தெரியாது. மேல்மண்ணைக் கிளறாமல், தட்டில் அதே தண்ணீர் விட்டு, வெளிச்சத்திலேயே வையுங்கள். மூன்று நான்கு வாரம் கழித்து லென்ஸ் வைத்துப் பாருங்கள். குண்டூசித் தலையைவிடச் சின்னதாகச் சிவப்புப் புள்ளிகள் தெரியும், அதற்கும் ஓரத்தில் பசைத்துளி இருக்கும்.