பரணில் ஒளித்து வைத்த ஜெனித்

கேள்வி: சுவிட்சர்லாந்தின் ஜெனித் வாட்ச் கம்பெனியை, முதலாளிகளுக்கே தெரியாமல் ஊழியர் ஒருவர் காப்பாற்றினார் என்கிறார்களே, நிஜமா? விற்பனைக்காகக் கட்டிய கதையா?

பதில்: நிஜம்தான். கம்பெனியே அதை விளம்பரத்துக்கு நன்றாகப் பயன்படுத்திக்கொள்வதால் உங்களுக்குச் சந்தேகம் வந்ததில் தப்பில்லை.

1865-ல் லெ லோக்ல் என்ற ஊரில் ஜார்ஜ் ஃபாவ்ர்-ஜாகோ தொடங்கிய கம்பெனி அது. 1965-ல் வரும் கம்பெனி நூற்றாண்டுக்குள் கை அசைவிலேயே சாவி ஏறிக்கொள்ளும் ஆட்டோமேட்டிக் குரோனோகிராப், அதாவது ஸ்டாப்வாட்ச் வசதியுள்ள கைக்கடிகாரம், ஒன்றைச் செய்துவிட வேண்டும் என்று 1962-ல் இறங்கினார்கள். நூற்றாண்டும் போய், கூடுதலாக நாலு வருஷமும் போய், 1969 ஜனவரியில்தான் எல் பிரிமெரோ வெளியே வந்தது. உள்ளே ஆடும் சக்கரத்துக்கு மணிக்கு 36,000 துடிப்பு, அதாவது வினாடிக்குப் பத்து, அதனால் வினாடியில் பத்தில் ஒரு பங்கைக்கூட அளக்கலாம். அதே வருஷம் ஹோயர், பிரைட்லிங் கூட்டணியும் ஜப்பானின் செய்கோவும் தங்கள் ஆட்டோமேட்டிக் குரோனோகிராப்புகளைக் கொண்டுவந்தன. யார் முதல் என்று ரசிகர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள், போடட்டும். ஏனென்றால் அந்த டிசம்பரிலேயே செய்கோ பேட்டரியில் ஓடும் குவார்ட்ஸ் வாட்ச்சை இறக்கிவிட்டது. சாவியும் வேண்டாம், நேரமும் பிசகாது என்றால் ஸ்பிரிங் வாட்ச்சை யார் சீந்துவார்கள்?

ஜெனித்தை 1971-ல் வாங்கியது அமெரிக்காவில் டிவி, ரேடியோ செய்துகொண்டிருந்த ஜெனித் ரேடியோ கம்பெனி. 1975-ல் அங்கிருந்து உத்தரவு வந்தது: ஸ்பிரிங் வாட்ச் தயாரிப்பை நிறுத்து, கருவிகளைத் தள்ளிவிடு. எல் பிரிமெரோ உருவானபோது கூடவே உழைத்த சார்ல்ஸ் வெர்மோவுக்கு மனசு கேட்கவில்லை. மேலிடத்துக்கு எழுதிப் பார்த்தார், பலிக்கவில்லை. அப்புறம் அச்சுகளையும் வெட்டுக் கருவிகளையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தொழிற்சாலைப் பரணுக்குக் கடத்தி ஒளித்து வைத்தார், எது எந்த வேலைக்கு என்ற குறிப்புகளோடு. என்னைக் கேட்டால், கருவிகளை ஒளித்ததைவிட அந்தக் குறிப்புகள்தான் பெரிய விஷயம். அவை இல்லாமல் பத்து வருஷம் கழித்து ஒருவர் பரணைத் திறந்தால் கண்ணுக்குத் தெரிவது வெறும் இரும்பு.

1978-ல் கம்பெனி மறுபடி சுவிஸ் கைக்கு வந்தது, 1984-ல் எல் பிரிமெரோ தயாரிப்பும் திரும்பத் தொடங்கியது. ஆனால் வெர்மோ மட்டுமே காப்பாற்றினார் என்பது கொஞ்சம் மிகை. எபெல், ரோலெக்ஸ் மாதிரி வாட்ச் கம்பெனிகள் அந்த மூவ்மென்ட்டை, அதாவது வாட்ச்சுக்குள் ஓடும் இயந்திரத்தை, கேட்டு வந்திருக்காவிட்டால் அந்தக் கருவிகளை யார் கீழே இறக்கியிருப்பார்கள்?

கேள்வி: அப்படியென்றால் ரோலெக்ஸின் டேடோனா என்ற குரோனோகிராப்புக்குள் ஓடுவது ஜெனித் மூவ்மென்ட்டா?

பதில்: இப்போது இல்லை. முதலில் டேடோனா சாவி கொடுக்கும் வாட்ச்சாகத்தான் இருந்தது. 1988-ல் ஆட்டோமேட்டிக் ஆக்கியபோது எல் பிரிமெரோவை வாங்கி, தேதி காட்டும் பகுதியை எடுத்துவிட்டு, வேகத்தையும் 28,800 ஆகக் குறைத்து, இன்னும் பல மாற்றங்கள் செய்து போட்டார்கள். 2000-ல் ரோலெக்ஸ் சொந்தமாக 4130 மூவ்மென்ட்டைக் கொண்டுவந்ததும் அந்த உறவு முடிந்தது. நடுவில் வந்தவற்றைத்தான் சேகரிப்பாளர்கள் ‘ஜெனித் டேடோனா’ என்கிறார்கள். அந்தப் பெயரைச் சொல்லி யாராவது விற்க வந்தால், விலை பேசுவதற்கு முன் பின்மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்.