நோட்டைப் பிடுங்கும் முன்னால் அதைப் படித்தீர்களா?

கேள்வி: எண்ணூர் பக்கம் காலி கண்டெய்னர்களை நிறுத்திவைக்கும் யார்டு ஒன்றில் மேனேஜராகச் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. எனக்கு வயது 31. கேட்டுக்கு வரும் ஒவ்வொரு பெட்டியையும் டேப்லெட்டில் பதிய வேண்டும் என்று முதலாளி புது சாப்ட்வேர் வாங்கினார். 26 வருடமாக இருக்கும் சூப்பர்வைசர் அண்ணன் இன்னும் நீள நோட்டில்தான் எழுதுகிறார். ராத்திரி எட்டு மணிக்கு மேல் பையன்கள் உட்கார்ந்து அதைப் பார்த்து டேபில் ஏற்றுகிறார்கள். ஒரு நாளைக்கு 80 டிரெய்லர் வரை வரும். ஏன் இப்படி என்று கேட்டால், "பாப்பா, நீ போய் ஏசியில உக்காரு" என்கிறார், அதுவும் எல்லோர் முன்னாலும். அவசரம் என்றால் முதலாளியும் அவருக்குத்தான் போன் போடுகிறார். நோட்டைப் பிடுங்கிவிடலாமா? இல்லை, அவரை வேறு யார்டுக்கு மாற்றச் சொல்லலாமா?
- பெயர் வேண்டாம், திருவொற்றியூர்

பதில்: இப்போதைக்கு இரண்டுமே வேண்டாம்.

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். அந்த நோட்டில் அண்ணன் என்னதான் எழுதுகிறார் என்று நீங்கள் எங்கேயும் சொல்லவில்லை. பெட்டி நம்பர், வண்டி நம்பர், நேரம் இருக்கும். அது மட்டும்தான் இருக்கிறதா?

காலிப் பெட்டியைச் சோதிக்கத் தெரிந்தவர் உள்ளே போய் நின்றுகொண்டு கதவைச் சாத்தச் சொல்வார். கும்மிருட்டில் கூரையில் ஊசிமுனை ஓட்டை இருந்தாலும் வெளிச்சம் காட்டிக்கொடுத்துவிடும். வெளியே வந்ததும் நோட்டு ஓரத்தில் ஒரு வரி கிறுக்குவார். பத்து நாள் கழித்து அதே பெட்டியில் ஏற்றிய சரக்கு நனைந்துவிட்டது, ஓட்டை எங்கே விழுந்தது என்று ஷிப்பிங் லைன் கேட்கும்போது பழி முதலில் கேட்டில் நின்றவர் தலையில்தான் விழும். அன்றைக்கு அவரைக் காப்பாற்றுவது அந்த ஒரு வரி. உங்கள் டேபில் அதை எழுத இடம் இருக்கிறதா? 'டேமேஜ் உண்டு, இல்லை' என்று இரண்டே பட்டன்தான் என்றால், அவர் நோட்டை விடாததில் எனக்கு ஆச்சரியம் இல்லை.

நானும் ஒரு காலத்தில் நோட்டைப் பிடுங்கியவன்தான். அப்போது ஒரு கம்பெனியின் ஸ்பேர் பார்ட்ஸ் ஸ்டோரில் கம்ப்யூட்டர் கொண்டுவரும் பொறுப்பு என்னுடையது. ஸ்டோர்கீப்பரின் நோட்டை வாங்கி பீரோவில் வைத்துப் பூட்டினேன், பெருமையாக. எந்த சப்ளையரின் பேரிங் சீக்கிரம் தேய்ந்து திரும்பி வருகிறது என்று அவர் அதில் பென்சிலால் புள்ளி வைத்திருந்தது எனக்குத் தெரியாது. அதே பேரிங்கை மறுபடி மொத்தமாக வாங்கினோம். ரிட்டயர் ஆகிற வரைக்கும் மனிதர் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அதனால் இரண்டு நாள் காலையில் கேட்டில் அவர் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்காருங்கள். எதையும் திருத்த வேண்டாம், நோட்டைப் படித்தால் போதும். அதில் இருந்து டேபில் இல்லாதவற்றை எழுதிக்கொண்டு சாப்ட்வேர்காரரைக் கூப்பிட்டு அண்ணன் எதிரிலேயே உட்கார வையுங்கள். எந்தக் கட்டம் வேண்டும், போட்டோ எடுக்க வசதி வேண்டுமா என்பதையெல்லாம் அண்ணனே சொல்லட்டும்.

இதற்கு ஒரு பழைய ஆதாரமும் உண்டு. அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலத்தில் ஹார்வுட் என்று ஒரு பைஜாமா தொழிற்சாலை. வேலை முறையை மாற்றும்போதெல்லாம் அங்கே உற்பத்தி படுத்துவிடும். லெஸ்டர் காக், ஜான் பிரெஞ்ச் என்ற இருவர் தொழிலாளர்களைக் குழுக்களாகப் பிரித்துப் பார்த்து 1948-ல் முடிவை வெளியிட்டார்கள். மாற்றத்தை அறிவிப்பாக மட்டும் கேட்ட குழுவில் உற்பத்தி விழுந்தது, எழவில்லை. முதல் 40 நாளில் 17 சதவீதம் பேர் வேலையை விட்டே போனார்கள். புது முறையை வகுப்பதில் தாங்களும் உட்கார்ந்து பேசிய குழுக்கள் சீக்கிரமே பழைய அளவைத் தாண்டின, அவற்றில் ஒருவர்கூட விலகவில்லை. ஆட்கள் எல்லாம் ஒரே மாதிரிதான். சொன்ன விதம்தான் வேறு.

சரி, டேபால் அண்ணனுக்கு என்ன லாபம்? இதை நீங்கள் சொல்லியே ஆக வேண்டும். பெட்டி நம்பரில் நாலு எழுத்து, ஏழு இலக்கம். கடைசி இலக்கம் முன்னால் உள்ள எல்லாவற்றையும் வைத்துக் கணக்குப் போட்டு வருவது. நடுவில் ஒன்றை மாற்றி அடித்தால் சாப்ட்வேர் பெரும்பாலும் அங்கேயே பிடித்துவிடும். நோட்டு பிடிக்காது. ராத்திரி எட்டு மணிக்குத் தப்பு தெரியும்போது வண்டி போயிருக்கும், பெட்டி மூன்றாவது அடுக்கில் ஏறியிருக்கும், அதைத் தேடி அலைவதும் அவர் ஆட்கள்தான். அவர்கள் எதிரிலேயே ஒரு தப்பு நம்பரை அடித்துக் காட்டுங்கள்.

அந்தப் பையன்களுக்கு எட்டு மணிக்கு மேல் ஓவர்டைம் உண்டா? பெரம்பூர் பி அண்ட் சி துணி மில்லை வைத்து 1918-ல் மெட்ராஸ் லேபர் யூனியன் உருவானபோது, மதியச் சாப்பாட்டுக்கு விடும் நேரம் போதவில்லை என்பதும் குறைகளில் ஒன்று. வடசென்னையில் நேரத்துக் கணக்கை யாரும் லேசாக எடுத்துக்கொள்வதில்லை.

உங்கள் முதலாளி விஷயம்தான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. நீங்களோ போகிற போக்கில் ஒரு வரியில் சொல்லிவிட்டீர்கள். லட்சங்கள் கொடுத்து சாப்ட்வேர் வாங்கியவர், பெட்டி எங்கே என்று அறிய அண்ணனுக்குப் போன் போடுகிறார். அண்ணன் நோட்டைப் புரட்டி அரை நிமிஷத்தில் பதில் சொல்கிறார். யார்டு மொத்தமும் அதைப் பார்க்கிறது. இங்கே எதற்கு மதிப்பு என்று யாரும் சுற்றறிக்கை விட்டுச் சொல்ல வேண்டியதில்லை, அந்தப் போன் தினமும் சொல்கிறது. முதலாளியிடம் தனியாகப் பேசுங்கள். "சார், ஒரு மாதம் மட்டும் நீங்களும் ஸ்கிரீனைப் பார்த்தே கேளுங்கள். அதில் இல்லை என்றால் என்னைக் கூப்பிடுங்கள்" என்று சொன்னால் போதும். இது நடக்காவிட்டால் மற்றது எதுவும் நடக்காது.

கூடவே இன்னொன்றையும் அவரிடம் கேளுங்கள்: டேப் ஓடத் தொடங்கியதும் ஆட்குறைப்பு உண்டா? உண்டு என்றால், வேலை போகாது என்று நீங்கள் யாருக்கும் வாக்குக் கொடுக்க வேண்டாம்.

இவ்வளவும் செய்த பிறகும் அண்ணன் அசையவில்லை என்றால், கணக்கில் காட்ட முடியாத ஏதோ அந்த நோட்டில் இருக்கலாம். அதுவும் நடக்கிறதுதான். அப்போது முதலாளியே நேரில் உட்கார்ந்து பேசட்டும். நோட்டை எந்தத் தேதியில் நிறுத்துவது என்பதை மட்டும் இப்போதே அண்ணனையே சொல்ல விடுங்கள்.

'பாப்பா' தனிக் கணக்கு, அதை டேபோடு சேர்க்காதீர்கள். ஆள் இல்லாத நேரத்தில், "அண்ணே, மேடமும் வேண்டாம், பாப்பாவும் வேண்டாம், பேர் சொல்லியே கூப்பிடுங்க" என்று நேராகச் சொல்லிவிடுங்கள்.

அப்புறம், மதியம் பன்னிரண்டு மணிக்குக் கேட்டில் நின்று அந்த டேபைப் பாருங்கள். வெயிலில் திரை தெரியாவிட்டால், முதலாளியிடம் பேசும்போது ஒரு தகரக் கூரைக்கும் சேர்த்துக் கேட்டுவிடுங்கள்.