அடுப்படிக்குப் பக்கத்தில் ஓர் அறை

அன்புள்ள அக்கா,

உச்சிப்புளியில் வீடு கட்டுகிறோம், அடுத்த மாதம் அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டணும். இன்ஜினியர் பிளானில் முன்னால் பெரிய ஹால், அதுபோக மாடிப்படியை ஒட்டி ‘ஃபேமிலி ரூம்’ என்று பத்துக்குப் பத்து போட்டிருக்கிறார். ‘ஹால் இருக்கும்போது இது எதுக்கு, காசுக்குப் பிடிச்ச கேடு’ என்கிறார்கள் மாமி. அவர் சவுதியிலிருந்து ‘இருக்கட்டும்’ என்கிறார். தேவைதானா அக்கா?

அன்புள்ள தங்கச்சிக்கு,

தேவைதான். ஆனால் அந்த இடத்தில் வேண்டாம்.

சாயங்காலம் மாமி எங்கே உட்காருகிறார்கள் என்று பாருங்கள், ஹால் சோபாவிலா? நம் பக்கத்தில் ஹால் பத்திரிகை வைக்க வருகிறவர்களுக்கும் சம்பந்தி வீட்டாருக்கும்தான். வீட்டு ஆட்கள் கூடுவது அடுப்படி வாசலில். ஒருத்தி சூடை மீனை ஆய, இன்னொருத்தி பனையோலைக் கொட்டான் முடைய, பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளை நிலைப்படியில் சாய்ந்து புத்தகத்தை விரிக்க, பேச்சு தன்னால் நடக்கும். முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாததைக்கூட கீரை உருவிக்கொண்டே சொல்லிவிடலாம். அதற்கு இடம் வேண்டாமா?

அமெரிக்காவிலும் கதை கிட்டத்தட்ட இதுதான். முன்னறை விருந்தாளிக்கென்றே விறைப்பாகிப்போனபோது, ஜார்ஜ் நெல்சன், ஹென்றி ரைட் என்ற இருவர், வீட்டார் எல்லோரும் சேர்ந்து புழங்க ‘பெயரில்லாத அறை’ ஒன்று வேண்டும் என்று 1945இல் எழுதினார்கள். அப்புறம் கட்டிய வீடுகள் பலவற்றில் அது ‘ஃபேமிலி ரூம்’ என்ற பெயரில் சமையலறையை ஒட்டி, கொல்லையைப் பார்த்து அமைந்தது.

நீங்களும் அடுப்படிக்கும் கொல்லைக்கும் நடுவில் வையுங்கள். பத்துக்குப் பத்து போதாது, சோபாவும் டிவி ஸ்டாண்டும் வந்தால் பாய் விரிக்க இடமிருக்காது. சோபாவே வேண்டாம் என்பேன். செலவு கூடுமென்றால் ஹாலில் குறையுங்கள், எப்போதாவது வருகிறவர்களுக்கு அவ்வளவு பெரிய இடம் எதற்கு? உச்சிப்புளிக்குத் தெற்கே மன்னார் வளைகுடா, வடக்கே பாக் விரிகுடா, இரண்டு பக்கமும் ஜன்னல் கிடைத்தால் விடாதீர்கள், சோழகக் காற்றும் வாடைக் காற்றும் அந்தந்தக் காலத்தில் உள்ளே வரும். இரும்பு ஜன்னல் மட்டும் வேண்டாம், உப்புக்காற்று தின்றுவிடும்.

மாமிக்கு முட்டிவலி இருந்தால் ஜன்னலடியில் உட்காரும் உயரத்துக்கு ஒரு சிமென்ட் திண்டு போடச் சொல்லுங்கள். இப்போதே சொன்னால் கொத்தனார் சுவரோடு சேர்த்துக் கட்டிவிடுவார்.