கீசரில் புகைக்கு ஃபில்டர் கிடையாது

கேள்வி: தண்டையார்பேட்டையில் முதல் மாடியில் வாடகைக்கு இருக்கிறோம். பாத்ரூமுக்குள்ளேயே கேஸ் கீசர். பதினோராவது படிக்கும் மகள் குளித்துவிட்டு வந்தாலே தலைவலி என்கிறாள். போன வாரம் கதவருகே மயங்கி விழுந்துவிட்டாள். வெறும் வயிற்றில் குளித்ததால்தான் என்கிறார் மாமியார். ரத்தப் பரிசோதனையில் குறை ஒன்றும் இல்லை. கீசர் மெக்கானிக்கோ, “ஃபில்டர் அடைச்சிருக்கு, அதை மாத்தி எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டா சரியாயிடும், 4,200 ரூபாய்” என்கிறார். செய்யலாமா?

பதில்: வேண்டாம் அம்மா. கீசரையும் இன்றே நிறுத்திவிடுங்கள். அதை பாத்ரூமை விட்டு வெளியே மாட்டும்வரை அடுப்பில் வெந்நீர் வைத்துக் குளிக்கட்டும்.

முதலில் அந்த ஃபில்டர் கதை. தண்ணீர் உள்ளே போகும் பைப்பின் நட்டைக் கழற்றினால் விரல்நுனி அளவுக்கு ஒரு வலை இருக்கும். நம் பக்கத்து போர் தண்ணீருக்கு அதில் உப்பும் துருவும் சீக்கிரமே படியும். தண்ணீர் வால்வை மூடிவிட்டுப் பழைய டூத்பிரஷ்ஷால் நீங்களே தேய்த்துவிடலாம். வலை அடைத்தால் தண்ணீர் மெதுவாக வரும், கீசர் பற்றாது, அவ்வளவுதான். அதற்காக யாரும் மயங்க மாட்டார்கள். புகையை வடிகட்டும் ஃபில்டர் என்று ஒன்று கீசரில் கிடையவே கிடையாது.

மயங்க வைப்பது கார்பன் மோனாக்சைடு. ஒரு கிலோ கேஸ் முழுசாக எரிய சுமார் 12 கன மீட்டர் காற்று வேண்டும். நாலுக்கு ஐந்தடி பாத்ரூமில் மொத்தமே நாலரை கன மீட்டர்தான். பத்து நிமிடம் கீசர் எரிந்தால் அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தின்றுவிடும். எரிந்த காற்றும் அங்கேயே சுற்றும். அப்புறம் தீ அரைகுறையாக எரியும், விஷ வாயு வரும். சிலிண்டர் கசிந்தால் மூக்குக்குத் தெரியும், அதற்கென்றே நாற்றம் கலக்கிறார்கள். இந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் அதிக வலுவாக ஒட்டிக்கொள்ளும்.

மார்கழி வந்தால் நம் வீடுகளில் என்ன நடக்கும்? கால்வாய்க் கொசுவுக்கும் குளிருக்கும் பயந்து பாத்ரூம் வென்டிலேட்டரில் பிளாஸ்டிக் ஷீட்டை ஒட்டிவிடுவோம். கொருக்குப்பேட்டையிலும் வியாசர்பாடியிலும் நான் ஏறிப் பார்த்த பாத்ரூம்களில் பாதிக்கு மேல் இந்தக் கோலம்தான். பிளானில் வென்டிலேட்டர் வரைந்திருக்கும், கையெழுத்தும் இருக்கும். கட்டிய பிறகு அது திறந்திருக்கிறதா என்று ஏணி போட்டுப் பார்க்க எந்த ஆபீசுக்கும் நேரம் இல்லை. கீசர் விற்கும் கடைக்காரரும் எங்கே மாட்டப் போகிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்பதில்லை. காற்றோட்டமான இடம் வேண்டும் என்ற எச்சரிக்கை மட்டும் எறும்பு எழுத்தில் ஆங்கிலத்தில் கிடக்கும்.

எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டால் போதாதா? கதவும் மூடி, வேறு வழியிலும் காற்று நுழையாவிட்டால் ஃபேன் எதை இழுக்கும்? பர்னருக்குப் போக வேண்டிய காற்றுக்குத்தான் போட்டி போடும். கரண்ட் போனால் அதுவும் இல்லை.

வெளியே மாட்டுவதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியே ஆக வேண்டும். வெளியே என்றால் பால்கனி, மொட்டை மாடி, திறந்த முற்றம். பைப்புகள் இறங்கும் டக்ட் வெளியே ஆகாது. ராயபுரத்தில் ஒரு வீட்டில் சொன்னபடி கீசரை வெளியே மாற்றினார்கள். மாட்டிய இடம் இரண்டடி அகல டக்ட். மேலே தகர ஷீட் போட்டு மூடியிருந்தார்கள். பாத்ரூம் வென்டிலேட்டர் திறப்பதும் அதே டக்டுக்குள். புகை ஒரு சுற்று சுற்றிவிட்டு உள்ளேயே வந்துகொண்டிருந்தது. மாடி வீட்டுக்காரர் ஜன்னலும் அதற்குள்தான், அவர்களுக்கும் சேர்த்து விஷம். மாட்டும் முன் அண்ணாந்து பாருங்கள். வானம் தெரிய வேண்டும். கைக்கெட்டும் தூரத்தில் எந்த ஜன்னலும் இருக்கக் கூடாது. இந்த இரண்டில் ஒன்று தவறினாலும் அந்த இடம் வேண்டாம்.

மகளுக்கு வருவோம். வழக்கமான ரத்தப் பரிசோதனையில் இது தெரியாது. விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரும் 98, 99 என்று நல்ல பிள்ளை மாதிரி காட்டும், இந்த வாயுவைப் பிரித்தறிய அதற்குத் தெரியாது. டாக்டரிடம் “கேஸ் கீசர் இருக்கும் பாத்ரூமில் குளித்தபோது” என்ற விவரத்தை முதலில் சொல்லுங்கள். அது தெரியாமல் வலிப்பு நோய் என்று நினைத்து மாத்திரை எழுதிய கதைகள் உண்டு. மயக்கம் வந்த உடனேயே போனால், ரத்தத்தில் இந்த வாயு எவ்வளவு ஒட்டியிருக்கிறது என்று காட்டும் கார்பாக்ஸி ஹீமோகுளோபின் பரிசோதனை கேட்கலாம். நாள் கடந்துவிட்டால் ரத்தத்திலிருந்து அது போயிருக்கும். மறுபடி யாராவது விழுந்தால் கதவைத் திறந்து முதலில் வெளியே இழுங்கள், பிறகு 108.

இடம் மாற்றும்போது இன்னொருத்தர் வந்து நிற்பார். தோளில் பை, கழுத்தில் ஒரு அட்டை, “கேஸ் கம்பெனியிலிருந்து செக்கிங்”. நல்ல ஹோஸையே நகத்தால் கீறிக் காட்டி வெடிப்பு என்பார், பெயர் தெரியாத சேஃப்டி டிவைஸ் ஒன்றைத் தலையில் கட்டுவார். உங்கள் ஏஜென்சிக்குப் போன் செய்து கேட்காமல் கதவைத் திறக்காதீர்கள். ஹோஸில் ஐஎஸ்ஐ முத்திரையும் தயாரித்த வருடமும் அச்சாகியிருக்கும். ஆரஞ்சு நிற சுரக்ஷா ஹோஸுக்கு 5 வருடம் ஆயுள். இதைப் படிக்க யாருக்கும் பணம் தர வேண்டியதில்லை. அடுப்பு ஹோஸை வெட்டி, இரண்டாகப் பிரிக்கும் ‘T’ இணைப்பு போட்டு அதே சிலிண்டரிலிருந்து கீசருக்கும் இழுத்துத் தருகிறேன் என்பவரையும் வாசலோடு அனுப்பிவிடுங்கள். கசிவு வாடை வந்தால் ரெகுலேட்டரை மூடி, சுவிட்ச் எதையும் தொடாமல் வெளியே வந்து 1906-க்கு அடியுங்கள்.

ஓனர் சுவரில் துளை போட விடமாட்டார் என்று நினைக்கிறேன், பெரும்பாலும் விடுவதில்லை. விடாவிட்டால் கீசரைக் கழற்றிப் பரணில் போடுங்கள். வென்டிலேட்டரில் பிளாஸ்டிக் இருந்தால் இன்று மாலையே கிழித்துவிட்டுக் கொசுவலை அடியுங்கள்.