அரை மாரத்தான்: கிளப்போடு ஓடுபவர்கள் கேட்டவை

சென்னை மாரத்தான் ஜனவரியில் வருவதால், மழைக்காலம் முடிவதற்குள்ளேயே கேள்விகள் குவியத் தொடங்கிவிடும். இந்த முறை கிளப் அணியோடு முதல் அரை மாரத்தான் ஓடப்போகிறவர்களின் கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

கிளப்பில் எல்லோரும் கிலோமீட்டருக்கு 6:20-ல் (6 நிமிடம் 20 நொடி) ஓடுகிறார்கள். எனக்கு 7:10 தான் வருகிறது. ஞாயிற்றுக்கிழமை லாங் ரன்னில் (நீண்ட தூரப் பயிற்சி ஓட்டத்தில்) எனக்காகக் காத்திருக்கிறார்கள் என்பதே கூச்சமாக இருக்கிறது. பந்தயத்தன்று அவர்களோடு ஒட்டிக்கொண்டு ஓடிப் பார்க்கலாமா? (வேளச்சேரி)

வேண்டாம். கணக்குப் போட்டுப் பாருங்கள். உங்கள் வேகத்திலேயே 21.1 கி.மீ. ஓடினால் 2 மணி 31 நிமிடத்தில் முடிப்பீர்கள். முதல் 5 கி.மீ. அவர்களோடு போனால் உங்களுக்கு மிச்சமாவது நாலு நிமிடம். ஆனால் உடம்பில் சூடு ஏறிவிடும், தசைகளில் சேர்த்து வைத்த சர்க்கரையான கிளைகோஜனும் சீக்கிரம் தீர்ந்துவிடும். 16-வது கிலோமீட்டர் வாக்கில் நடக்க ஆரம்பிப்பீர்கள். களைத்துப்போய் நடந்தால் ஒரு கிலோமீட்டருக்குப் பதினொன்றரை நிமிடம் பிடிக்கும். மிச்சம் பிடித்த நாலு நிமிடமும் அந்த ஒரே கிலோமீட்டரில் காலி. முன்வரிசையில் நிற்க வேண்டும் என்ற அவசரமும் வேண்டாம். பிப்பில், அதாவது நெஞ்சில் குத்திக்கொள்ளும் எண் அட்டையில் இருக்கும் சிப், நீங்கள் தொடக்கக் கோட்டைத் தாண்டும் நொடியிலிருந்துதான் உங்கள் நேரத்தைக் கணக்கிடும்.

கூச்சம்தான் எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. கூச்சத்தால் லாங் ரன்னுக்கே வராமல் நின்றுபோனவர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன். உங்கள் கேப்டனிடம் இதைச் சொல்லுங்கள்: தூரத்தை விட்டுவிட்டு நேரத்தைப் பிடிப்போம். பெசன்ட் நகரில் எல்லோரும் சேர்ந்து கிளம்புங்கள். திரு.வி.க. பாலம், சாந்தோம் வழியாகக் கலங்கரை விளக்கம் பக்கம் அவரவர் வேகத்தில் 60 நிமிடம் போய், எங்கே இருந்தாலும் அங்கேயே திரும்பிவிடுங்கள். வேகமாகப் போனவர் கூடுதல் தூரம் போயிருப்பார், நீங்கள் கொஞ்சம் குறைவாக. ஆனால் கிளம்பிய இடத்துக்கு ஏறக்குறைய ஒன்றாக வந்து சேர்வீர்கள். யாரும் யாருக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை. லாங் ரன் என்பது பேசிக்கொண்டே ஓடுகிற வேகத்தில் இருக்க வேண்டும். மூச்சு வாங்கி வாக்கியம் பாதியில் நின்றால், 6:20-காரருக்கும் அது அதிக வேகம்தான்.

ஒவ்வொரு வாட்டர் ஸ்டேஷனிலும் ஒரு பாட்டில் தண்ணீர் குடிக்கச் சொல்கிறார் நண்பர். சரியா? (தாம்பரம்)

சரியில்லை. கடற்கரைக் காற்றில் ஈரப்பதம் அதிகம், வியர்வை ஆவியாகாமல் சொட்டிக்கொண்டே இருக்கும். உடம்பு குளிர்வதில்லை, அதனால் தண்ணீர் போதவில்லை என்று தோன்றும். ஆனால் வெறும் தண்ணீரை அளவுக்கு மீறிக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் குறையும். தலைவலி, வாந்தி, குழப்பம் என்று போய், உயிருக்கே ஆபத்தாக முடியலாம். தாகத்துக்குக் குடியுங்கள். பயிற்சியின்போதே ஓடுவதற்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் இழந்திருக்கிறீர்கள். எடை கூடியிருந்தால் அதிகம் குடித்துவிட்டீர்கள் என்று அர்த்தம். ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டில் ஒரு லிட்டர் என்று போட்டிருந்தால் ஒரு லிட்டரில்தான் கரைக்க வேண்டும், அரை லிட்டரில் அல்ல.

அணியில் ஒருவருக்குக் கணுக்கால் சுளுக்கு. அவருடைய பிப்பில் நான் ஓடலாமா? (அம்பத்தூர்)

கூடாது. நீங்கள் வழியில் மயங்கி விழுந்தால், அந்த எண்ணை வைத்து மருத்துவக் குழு தேடி எடுப்பது அவருடைய ரத்த வகையையும் அவர் வீட்டுத் தொலைபேசி எண்ணையும்தான்.

வயது 54. சர்க்கரைக்கு மாத்திரை எடுக்கிறேன். ஓடலாமா? (மதுரை)

பலர் ஓடுகிறார்கள். முதலில் இதயப் பரிசோதனை. வேகமாக நடக்கும்போது நெஞ்சு அழுத்தினால், அதைப் பார்க்காமல் ஓடவே கூடாது. அப்புறம் டாக்டரிடம் ஒன்றைக் குறிப்பாகக் கேளுங்கள்: நான் எடுக்கும் மருந்து ஓடும்போது சர்க்கரையை அதிகம் இறக்குமா? இன்சுலினும் கிளிமிபிரைடு வகை மாத்திரைகளும் இறக்கக் கூடியவை. லாங் ரன் நாளில் அளவை மாற்ற வேண்டுமா என்பதை அவர்தான் சொல்ல வேண்டும். சட்டைப் பையில் குளுக்கோஸ் வைத்துக்கொள்ளுங்கள். சர்க்கரை இறங்கினால் வியர்க்கும், கை நடுங்கும். ஓடும்போது எப்படியும் வியர்ப்பதால் உங்களுக்கே தெரியாமல் போகலாம். அதனால்தான் பக்கத்தில் ஓடுபவருக்கு உங்கள் விஷயம் தெரிந்திருக்க வேண்டும். வீட்டுக்கு வந்ததும் ஷூவைக் கழற்றி உள்ளங்காலில் கொப்புளம் இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். மரத்துப்போன காலில் வலி தெரியாது.

தொடங்கும் முன் வலி மாத்திரை போட்டுக்கொள்ளலாமா? (கோவை)

வேண்டாம். இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்றவை நீர் வற்றிய உடம்பில் சிறுநீரகத்தைப் பாதிக்கும்.

கூட ஓடுபவருக்கு 17-வது கிலோமீட்டரில் தசை பிடித்துக்கொண்டால் நான் நிற்க வேண்டுமா, ஓடிவிடலாமா? (திருச்சி)

இதை முந்தின நாளே பேசி முடிவு செய்துவிடுங்கள். வெறும் தசைப்பிடிப்பு என்றால் காலை நீட்டிவிட்டு, அடுத்த தண்ணீர் மேசை வரை கூட நடந்துவிட்டு நீங்கள் கிளம்பலாம். அவர் கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னாலோ, நேராக நடக்க முடியாமல் தள்ளாடினாலோ, நகராதீர்கள். நிழலில் உட்காரவைத்து, தலையிலும் கழுத்திலும் தண்ணீர் ஊற்றிக்கொண்டே ஆம்புலன்ஸைக் கூப்பிடச் சொல்லுங்கள். ஒருமுறை நானும் அப்படி 40 நிமிடம் நின்றேன். அவர் அடுத்த வாரமே கடற்கரைக்கு வந்தார், ஓடுவதற்கு அல்ல, எங்களுக்குத் தண்ணீர் கொடுக்க.