பெல்ட் வாங்கவும் உத்தரவு வேண்டுமா?

கேள்வி: திருப்பூரில் பன்னிரண்டு பேரை வைத்துப் பவர்டேபிள் யூனிட் நடத்துகிறேன், கம்பெனிக்குத் தைத்துக் கொடுக்கும் வேலை. பீஸ் ரேட்தான், தைத்த பீஸுக்குத்தான் கூலி. எதற்கெடுத்தாலும் என்னிடமே வருகிறார்கள். போன வாரம் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன். போனை அணைத்து வைத்திருந்தேன். சாயங்காலம் வந்து பார்த்தால், ஓவர்லாக் மெஷின் பெல்ட் அறுந்து காலையிலிருந்து நிற்கிறது. இரண்டு தெரு தள்ளித்தான் கடை. போன வருஷம் ஒரு டெய்லர் தானாக மெக்கானிக்கைக் கூப்பிட்டு 1,800 ரூபாய் செலவு வைத்தார். எல்லோர் முன்னாலும் சத்தம் போட்டேன். அதற்கப்புறம் இன்னும் மோசம். இவர்களுக்குப் பொறுப்பு எப்படி வரும்?
- வாசகி, திருப்பூர்

பதில்: அம்மா நன்றாகத் தேறியிருப்பார் என்று நம்புகிறேன், சகோதரி.

பீஸ் ரேட்டில் மெஷின் நின்றால் கூலியும் நின்றுவிடும். தங்கள் கூலி போவது தெரிந்தும் உட்கார்ந்திருந்தார்கள் என்றால், அவர்கள் பயம் எவ்வளவு பெரியது என்று பாருங்கள். அன்று திட்டு வாங்கியவர் ஒருவர். பார்த்துக்கொண்டிருந்தவர்கள் பதினொரு பேர். சொந்தமாக முடிவெடுத்தால் என்ன கிடைக்கும் என்று அன்றைக்கே எல்லோரும் கற்றுக்கொண்டுவிட்டார்கள்.

ஜப்பானில் சகிச்சி டொயோடா 1924-ல் உருவாக்கிய தானியங்கித் தறி, பாவு நூல் அறுந்தால் தானாகவே நின்றுவிடும். அந்தக் குடும்பம் பிறகு தொடங்கிய கார் ஆலையில் இதே யோசனை ஆட்களிடமும் வந்தது. குறை கண்ணில் பட்டால், லைனில் நிற்கும் எந்தத் தொழிலாளியும் அதற்கென்று கட்டியிருக்கும் எச்சரிக்கைக் கயிற்றை இழுக்கலாம். குழுத் தலைவர் ஓடி வருவார். உடனே சரியாகாவிட்டால் லைனே நிற்கும். அவ்வளவு பெரிய ஆலையில் கொடுத்த உரிமையை உங்கள் யூனிட்டில் தாராளமாகக் கொடுக்கலாம்.

ஒரு பெட்டியில் 2,000 ரூபாய் போட்டு வையுங்கள். பெல்ட், ஊசி, நூல் என்று 500 ரூபாய்க்குள் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், பில்லை நோட்டில் ஒட்டினால் போதும். அதற்கு மேல் என்றால், மூத்த டெய்லரும் செக்கிங் பார்ப்பவரும் பேசி முடிவெடுக்கட்டும். சாம்பிளில் மாற்றம், ஷேடு வித்தியாசம், டெலிவரி தேதி மட்டும் உங்களிடம் வரட்டும். கம்பெனிக்கு வாக்குக் கொடுத்தவர் நீங்கள். கரண்ட் கோளாறு என்றால் மெயினை அணைத்துவிட்டு எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட வேண்டியதுதான், அதற்கு உங்களைக் கேட்கவே வேண்டாம்.

அப்புறம், “அக்கா, இதை என்ன பண்றது?” என்று வந்து நின்றால் உடனே பதில் சொல்லாதீர்கள். “நீ என்ன நினைக்கிற?” என்று கேளுங்கள். முதல் சில நாள் பேசாமல் நிற்பார்கள். உங்களுக்கோ பதில் நாக்கு நுனியில் இருக்கும். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள், அவர்களே சொல்லட்டும்.

யாராவது ஒருவர் தப்பான சைஸ் பெல்ட்டை வாங்கி வரத்தான் போகிறார். அந்த நிமிஷம் பதினொரு பேரும் உங்கள் முகத்தைப் பார்ப்பார்கள். பெல்ட்டை மாற்றி வாங்கி வரச் சொல்லுங்கள். ஒவ்வொரு மெஷினிலும் அதன் பெல்ட் சைஸை எழுதி ஒட்டிவிடுங்கள். அதோடு விட்டுவிடுங்கள்.

இத்தனைக்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. அந்த டெய்லர் இன்னும் உங்களிடம் வேலை பார்க்கிறார் என்றால், “அன்னைக்கு மெஷின் நிக்கக் கூடாதுன்னுதான் மெக்கானிக்கைக் கூப்பிட்டீங்க. நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது” என்று சொல்லுங்கள். நாளைக்கு டீ நேரத்திலேயே சொல்லுங்கள். தனியாகக் கூப்பிட வேண்டாம், திட்டியது எல்லோர் முன்னாலும்தானே.