ஸ்டீயரிங் உதறுகிறதா? ரேக்கை மாற்றும் முன் சக்கரத்தைக் கழற்றிப் பாருங்கள்

மதுரையிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: ஏழு பேர் உட்காரும் டீசல் எஸ்யூவி, 52,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. 85 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டதும் ஸ்டீயரிங் உதற ஆரம்பிக்கிறது, 100ஐ நெருங்கும்போது குறைந்துவிடுகிறது. மழைக்காலத்தில் ஒரு பள்ளத்தில் விட்டதற்குப் பிறகுதான் இப்படி. இரண்டு தடவை அலைன்மென்ட் பார்த்தும் போகவில்லை. இப்போது ஒரு பட்டறையில் ஸ்டீயரிங் ரேக்கையே (ஸ்டீயரிங் திருப்புவதை முன் சக்கரங்களுக்குக் கடத்தும் பல் கம்பி) மாற்றச் சொல்கிறார்கள், மாற்றலாமா?

இப்போதைக்கு மாற்றாதீர்கள். நீங்கள் சொல்லும் அறிகுறி ரேக்கைக் காட்டவில்லை, முன் சக்கரத்தைக் காட்டுகிறது.

அலைன்மென்ட் என்பது சக்கரம் நிற்கும் கோணத்தைச் சரிசெய்வது. அது தப்பினால் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும், நேர் ரோட்டில் ஸ்டீயரிங் கோணலாக நிற்கும், டயர் ஒரு ஓரமாகத் தேயும். அப்படித் தேய்ந்த டயர் பிறகு உதறலாம், ஆனால் அலைன்மென்ட் மட்டும் தப்பியதால் ஸ்டீயரிங் இப்படி நடுங்காது. இரண்டு தடவை செய்தும் போகாததற்குக் காரணம் அதுதான்.

குறிப்பிட்ட வேகத்தில் வந்து அதைத் தாண்டினால் குறையும் உதறலுக்கு முதல் சந்தேகம் வீல் பேலன்சிங், அதாவது சக்கரத்தின் எடை சுற்றிலும் சமமாக இல்லாதது. உங்கள் வண்டி அளவுள்ள டயர் ஒரு சுற்றுக்குச் சுமார் 2.3 மீட்டர் போகும், அதாவது 90 கிலோமீட்டர் வேகத்தில் நொடிக்கு ஏறக்குறைய 11 சுற்று. ரிம்மின் ஓரத்தில் 30 கிராம் எடை கூடுதலாக இருந்தால் அந்த வேகத்தில் அது சுமார் 3 கிலோ பாரம்போல, ஒவ்வொரு சுற்றிலும் திசை மாறி மாறி இழுக்கும். அந்த ஆட்டம் சஸ்பென்ஷனின் இயல்பான அதிர்வோடு சேரும் வேகத்தில்தான் கைக்கு நன்றாகத் தெரிகிறது, வேகம் அதைவிடக் கூடினாலோ குறைந்தாலோ அமுங்குகிறது.

செலவில்லாமல் ஒரு சோதனை செய்யலாம். முன் சக்கரம் இரண்டையும் பின்னால் போட்டு, பின் சக்கரத்தை முன்னால் கொண்டு வாருங்கள் (டயரில் சுழலும் திசைக்கு அம்புக்குறி இருந்தால் அந்தந்தப் பக்கத்திலேயே மாற்ற வேண்டும்), பிறகு அதே ரோட்டில் அதே வேகத்தில் ஓட்டுங்கள். உதறல் கையிலிருந்து சீட்டுக்கும் வண்டியின் தரைக்கும் போய்விட்டால் குற்றவாளி அந்தச் சக்கரங்கள்தான். மாறவே இல்லையென்றால் ஹப் (சக்கரத்தை மாட்டும் நடுப்பகுதி), பேரிங், மூட்டுகள் பக்கம் பார்க்க வேண்டும்.

பேலன்சிங் கடையில் பக்கத்திலேயே நில்லுங்கள். ரிம்முக்கு உள்பக்கம் காய்ந்த சேறு ஒட்டியிருந்தால் முதலில் அதைச் சுரண்டிக் கழுவச் சொல்லுங்கள், மழைக்காலத்தில் இது ஒன்றே போதும் உதறலுக்கு. பேலன்சிங்குக்காக ரிம்மில் ஒட்டியிருந்த சின்ன எடை விழுந்த தடம் இருக்கிறதா என்றும் பாருங்கள். சக்கரம் மெஷினில் சுற்றும்போது ஒரு பேனாவை ரிம்மின் உள் ஓரத்துக்கு அருகில் அசையாமல் பிடித்தால் இடைவெளி கூடிக் குறைவது கண்ணுக்கே தெரியும், பள்ளத்தில் அடிபட்ட ரிம் பெரும்பாலும் உள் ஓரத்தில்தான் வளைந்திருக்கும். மெஷின் இரண்டு பக்கமும் பூஜ்யம் காட்டிய பிறகு சக்கரத்தைக் கழற்றி மறுபடி மாட்டிச் சுற்றச் சொல்லுங்கள். மறுபடி பூஜ்யம் வரவில்லையென்றால் மெஷினில் சரியாக உட்காரவில்லை என்று அர்த்தம், அந்தக் கணக்கை நம்ப முடியாது. ஒரே சக்கரத்துக்கு எடை மேல் எடையாக ஒட்டிக்கொண்டே போனால் நிறுத்துங்கள், டயரை ரிம்மில் பாதிச் சுற்று திருப்பிப் போட்டுப் பார்க்கலாம், அதற்கும் அடங்காவிட்டால் டயர் அல்லது ரிம் கெட்டிருக்கிறது.

டயரின் பக்கச் சுவரில் எங்கேயாவது முட்டைபோல உப்பியிருந்தால் பேலன்சிங் எல்லாம் வேண்டாம், ஸ்டெப்னியை மாட்டிக்கொண்டு கடைக்குப் போங்கள். உள்ளே இழை அறுந்த டயர் அது. நெடுஞ்சாலையில் குடும்பத்தோடு போகும்போது அதை நம்பி ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டக் கூடாது.

சக்கரம் சரியாக இருந்தால் அடுத்து ஜாக்கி. சமதளத்தில் நிறுத்தி, பின் சக்கரத்துக்குக் கட்டை வைத்து, முன் சக்கரத்தைத் தூக்கி மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் பேரிங், பால் ஜாயின்ட் (சஸ்பென்ஷனின் உருண்டை மூட்டு) ஆட்டம் தெரியும். இடமும் வலமும் பிடித்து ஆட்டினால் டை ராட் எண்ட் (ரேக்கைச் சக்கரத்தோடு இணைக்கும் கம்பியின் முனை) ஆட்டம் தெரியும். வண்டிக்கு அடியில் யாரும் போக வேண்டாம்.

பிரேக் மிதிக்கும்போது மட்டும் உதறும் வண்டிகளின் கதை வேறு, அது பிரேக் டிஸ்க். தடிமன் சுற்றிலும் ஒரே சீராக இல்லாமல் ஒரு மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு மாறினாலே காலிலும் கையிலும் தெரியும். லேத்தில் கடைந்து சரிசெய்யலாம், ஆனால் டிஸ்க்கிலேயே பொறித்திருக்கும் குறைந்தபட்சத் தடிமனுக்குக் கீழே போனால் மாற்றத்தான் வேண்டும். ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது மட்டும் வந்தால் டிரைவ் ஷாஃப்டின் (சக்கரத்துக்குச் சக்தி கொண்டுபோகும் தண்டு) உள் ஜாயின்டைப் பார்க்கச் சொல்லுங்கள்.

கடைசியாக, நட் மாட்டும் விதம். ஹப்பின் முகத்திலுள்ள துருவைக் கம்பி பிரஷால் தேய்த்துவிட்டு, எதிரெதிர் நட்டாகக் கையால் மாட்டி, அப்புறம் வண்டிப் புத்தகத்தில் இருக்கும் அளவுக்கு டார்க் ரெஞ்சால் (இறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பானர்) இறுக்க வேண்டும். ஏர் கன்னால் கண்டபடி இறுக்கினால் நல்ல டிஸ்க்கும் கோணிக்கொள்ளும். 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் நட்டுகளை ஒரு தடவை மறுபடி சரிபாருங்கள்.